எழுபதுக்கு இரண்டு குறைவு

போன மாதம் உங்களில் மூன்று பேர் நோர்பரியில் என் வீட்டுக்கு வந்தீர்கள். மூன்று பேருமே புதிதாகப் பல்கலைக்கழக வேலைக்குச் சேர்ந்தவர்கள். "அங்கிள், எங்கட இடத்தில பிளாக் ஸ்டடீஸ் திரும்பத் தொடங்கப் போகினம். நீங்கள் அந்தக் காலத்தில அதிலதானே இருந்தனீங்கள், உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோவன்" என்று கேட்டீர்கள். தேநீர் குடித்து, ரோல்ஸ் சாப்பிட்டு, நல்ல பிள்ளைகளாகப் போய்விட்டீர்கள். நாங்கள் போராடி வென்ற கதையை நான் எழுதித் தருவேன் என்று நினைத்திருப்பீர்கள். அந்தக் கதையைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். மேடையும் ஒலிவாங்கியும் கொடுத்தால் விடியும்வரை சொல்லுவார்கள். எனக்குத் தெரிந்தது நாங்கள் தோற்ற கதை. அதில் ஒரு பெரிய பங்கு என் கையால் நடந்தது. அதை வாசித்த பிறகும் என்னை அங்கிள் என்று கூப்பிடுவீர்களோ தெரியாது.

நான் சேர்ந்தது எண்பதுகளின் நடுப்பகுதியில், தென் லண்டனில் ஒரு பொலிடெக்னிக்கில், அதாவது பல்கலைக்கழகம் என்ற பெயர் இல்லாமல் பட்டம் கொடுத்த கல்லூரியில். யாழ்ப்பாணத்தில் வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தவன், எண்பத்துமூன்று இனக்கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து, இரண்டு வருடம் பெற்றோல் ஸ்டேஷனில் நின்றேன். அதன் பிறகு கிடைத்த வேலை அது. சில வருடங்களுக்கு முன்புதான் பக்கத்துத் தெருக்களில் கலவரம் நடந்திருந்தது. கடைக் கண்ணாடிகள் உடைந்த பிறகுதான் கல்லூரிக் கதவு திறந்தது என்பதை நாங்கள் ஒருவரும் மறக்கவில்லை. கறுப்பினக் கற்கை என்று ஒரு பட்டப்படிப்பைத் தொடங்கச் சொல்லி மேலிடம் அனுமதி கொடுத்தது. அடிமை வணிகம், குடியேற்றம், தோட்டத் தொழிலாளர், இந்த நாட்டில் எங்கள் வாழ்க்கை எல்லாவற்றையும் ஒரு துறையாக, முறையாகப் படிப்பிப்பது நோக்கம். கறுப்பர் என்ற சொல்லை அப்போது அரசியல் சொல்லாக வைத்திருந்தார்கள். ஆபிரிக்கர், கரீபியர், ஆசியர் எல்லாரும் அதற்குள் அடக்கம். அப்படித்தான் நானும் உள்ளே போனேன்.

எங்கள் ஆட்களுக்கு இது விளங்கவில்லை. எட்மண்டனில் ஒரு கலியாண வீட்டில் ஊர்க்காரர் ஒருவர் என்னைத் தனியாக இழுத்து வைத்து, "மாஸ்டர், ஏன் போயும் போயும் கறுவலுகளோட போய் இருக்கிறியள்? வேற இடம் கிடைக்கேல்லையோ?" என்று அக்கறையாகக் கேட்டார். அவரை நான் அந்தப் பந்தியிலேயே வைத்து வறுத்து எடுத்தேன். உங்களைக் கோப்பை கழுவ வைத்தவனும் அவர்களைப் பஸ் கழுவ வைத்தவனும் ஒரே வெள்ளைக்காரன்தான் என்று பிரசங்கம் செய்தேன். மனிசன் பாயசத்தையும் விட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டார். எனக்கு அன்று பெரிய பெருமை. நான் இந்தக் குப்பையெல்லாம் கடந்து வந்தவன் என்று முழுமனதாக நம்பினேன்.

எங்கள் துறையில் நிரந்தர ஊழியர் இரண்டே பேர். ஒன்று நான். மற்றவர் துறைத் தலைவி. அவருடைய பெயரை எழுத மாட்டேன், எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஜமெய்க்காவில் பிறந்து, ஏழு வயதில் இங்கே வந்து, மந்தபுத்திக்காரருக்கான பள்ளிக்கூடத்தில் பிழையாகச் சேர்க்கப்பட்டு, அங்கிருந்து தானாக மேலே வந்தவர். என்னைவிட நாலு வயது இளையவர். ஆனாலும் இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவரைப் பார்த்துப் பழகியது. மற்றப் பாதி ஊரிலிருந்து கொண்டுவந்தது, அதுதான் கெடுத்தது.

எந்த விடைத்தாளையும் இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தி, பிறகு கூடிப் பேசி ஒரு புள்ளிக்கு வருவது எல்லாத் துறையிலும் உள்ள வழக்கம். எங்கள் துறையில் எழுதாத சட்டம் ஒன்று கூடுதலாக இருந்தது. சந்தேகம் வந்தால் கீழே இறக்கு. அதைத் தொடங்கியவர் தலைவிதான். காரணம் இருந்தது. முதல் வருடமே பீடாதிபதி, மற்ற விரிவுரையாளர்கள் முன்னால், கோபப்படுவதற்கும் இப்போது பட்டம் கொடுக்கிறோம் போலிருக்கிறது என்று சிரித்தபடி சொன்னார். அந்தச் சிரிப்பு கட்டிடம் முழுக்கப் பரவியது. அன்று தலைவி என்னிடம் சொன்னார்:

"நாங்கள் அறுபது போட்டால், இந்தக் கட்டிடத்தில் வேறு எவன் திருத்தினாலும் அது எழுபதாக நிற்க வேண்டும். ஒருவனும் எங்கள் பட்டத்தைத் தொட முடியாது."

எனக்கு இதைச் சொல்லித்தரத் தேவையே இருக்கவில்லை. என் அப்பா நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே கணக்கு வாத்தியார். எங்கள் ஊரில் வாத்தியாரின் பிள்ளைக்கு மற்றப் பிள்ளையைவிட ஒரு அடி கூட விழும், இரண்டு புள்ளி குறைய விழும். தன்ர பிள்ளைக்குக் கூட்டிப் போட்டான் என்ற பேச்சு வரக்கூடாது, அவ்வளவுதான். அதை நாங்கள் நேர்மை என்று சொல்லி வளர்ந்தோம். ஜமெய்க்காப் பெண்ணும் யாழ்ப்பாணத்து ஆணும் வேறு எதில் ஒத்துப்போனோமோ இல்லையோ, இதில் தாளம் தப்பாமல் ஒத்துப்போனோம். எங்கள் புள்ளியிடலைச் சரிபார்க்க வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து வரும் வெளித்தேர்வாளர்கள் வருடா வருடம் எங்கள் கண்டிப்பைப் பாராட்டி அறிக்கை எழுதினார்கள். அந்த வரிகளை அடிக்கோடிட்டுக் கோப்பில் வைத்தேன். பிள்ளைகளே, உங்கள் துறையை யாராவது கண்டிப்புக்காகப் பாராட்டினால், அந்தக் கண்டிப்பின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை.

ஐரீன் எங்களிடம் வந்தபோது அவருக்கு முப்பத்தெட்டு வயதிருக்கும். பார்படோஸ்காரி, ஸ்ட்ரெதமில் வீடு. பகலில் வகுப்பு, கிழமையில் நாலு நாள் ஆஸ்பத்திரியில் ஷிப்ட். அந்த ஆஸ்பத்திரியில்தான் என் மனைவியும் வார்டு உதவியாளராக இருந்தாள். மனைவி வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுடைய ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரித்தவர்களை ஐரீன் வாயடைக்க வைத்திருக்கிறார். நோயாளியை எழுப்பாமல் படுக்கை விரிப்பு மாற்றுவது எப்படி என்று பழக்கியதும் அவர்தான். எங்கள் வீட்டில் அந்தப் பெயர் மரியாதையாக உச்சரிக்கப்பட்ட பெயர். இதைத் தலைவியிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன். அவர், "இந்த நகரத்தில் யாருக்குத்தான் யாரைத் தெரியாது?" என்று விட்டுவிட்டார். ஆனால் எனக்குள் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

கடைசி வருடத்தில் ஐரீன் எழுதிய ஆய்வேடு, தன்னைப் போன்ற நேர்ஸ்மாரைப் பற்றியது. அந்தக் காலத்தில் இங்கே நேர்ஸ் பயிற்சி இரண்டு வகை. மூன்று வருடம் படித்தால் முழு நேர்ஸ். இரண்டு வருடம் படித்தால் அடுத்த தரம். அதிலிருந்து மேலே ஏறுவது குதிரைக் கொம்பு. கரீபியனிலிருந்து வந்த பெண்களில் எத்தனையோ பேர் முழு நேர்ஸ் ஆகலாம் என்று நம்பிக் கப்பலேறி வந்து, வித்தியாசம் தெரியாமலே இரண்டாம் வகையில் சேர்க்கப்பட்டார்கள். திரும்பிப் போனால் சொந்த ஊரில் அந்தச் சான்றிதழ் செல்லாது. ஐரீன் அப்படிப்பட்ட பதினெட்டுப் பெண்களை வீடு வீடாகப் போய்க் கண்டு பேசியிருந்தார். தகுதி இருந்தும் ஏன் இப்படி என்று அவர்கள் கேட்டபோது ஒவ்வொருவருக்கும் கிடைத்த பதிலை எழுதியிருந்தார். திட்டியவர்கள் குறைவு. பெரும்பாலும் அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், உனக்கு இதுவே போதும், கஷ்டப்படாதே என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருந்து அதை வாசித்தேன். மத்தியானச் சாப்பாடு ஆறிப் போனது. பல வருடமாக நான் வகுப்பில் கத்திக் கத்திச் சொன்னதை அந்தப் பெண் ஒரு சத்தமும் போடாமல் எழுதியிருந்தார். முதல் தரமான வேலை. அது எனக்கு அன்றே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன்.

ஆனால் பேனையை எடுத்தவுடன் கை வேறு விதமாகப் போனது. உசாத்துணைப் பட்டியல் மெல்லியது, அச்சில் வந்த நூல்கள் போதாது, வாய்மொழிச் சாட்சியத்தை அளவுக்கு மீறி நம்பியிருக்கிறார் என்று எழுதினேன். அச்சில் நூல்கள் இல்லை, பிள்ளைகளே. யாரும் எழுதவில்லை. எழுதப்படாததை எழுதுவதற்காகத்தான் அந்தத் துறையே தொடங்கப்பட்டது. அந்தத் துறையின் விரிவுரையாளன் நான், நூல் இல்லை என்று புள்ளி குறைத்தேன். அறுபத்தாறு.

தலைவி எழுபத்திரண்டு போட்டிருந்தார். இரண்டு பேரும் அவருடைய அறையில் இருந்து பேசினோம். ஐரீனின் மற்றப் புள்ளிகள் எல்லாம் விளிம்பில் நின்றன. ஆய்வேட்டுக்கு எழுபது கிடைத்தால் முதல் வகுப்பு. இல்லாவிட்டால் இரண்டாம் வகுப்பின் மேல்பிரிவு. அந்த வருடம் நகரத்தின் வேறொரு பல்கலைக்கழகத்தில், எங்கள் துறை மாணவர்களும் கேட்கக்கூடிய ஓர் ஆராய்ச்சி உதவித்தொகை முதல் தடவையாக வந்திருந்தது. முதல் வகுப்புக்காரர் மட்டும்தான் விண்ணப்பிக்கலாம்.

"நீயும் நானும் டொக்டர் பட்டம் இல்லாதவர்கள்," என்றார் தலைவி. "நாளைக்கு எங்களை அதை வைத்துத்தான் அடிப்பார்கள். ஐரீன் ஆராய்ச்சி செய்து முடித்தால் இந்தத் துறைக்கு ஓர் ஆள் இருக்கும். இந்த ஒரு தடவை சட்டத்தை மறந்துவிடு."

"சட்டத்தைப் போட்டது நீங்கள்," என்றேன் நான். "உதவித்தொகையைப் பார்த்துப் புள்ளி போட்டால், பிறகு பீடாதிபதி சிரித்ததில் என்ன பிழை? அதோடு இந்தப் பெண் என் மனைவியின் சிநேகிதி. நாளைக்கு யாராவது தோண்டி எடுத்தால்?"

அவர் ஆய்வேட்டை மூடி வைத்தார். பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் அறுபத்தொன்பது வரும் என்றார். நான், அறுபத்தொன்பது போட்டால் ஒன்று கூட்டச் சொல்லி வெளியே இருந்து கேட்பார்கள், எங்களுக்கு முதுகெலும்பு இல்லாததுபோல் இருக்கும், அறுபத்தெட்டாக வைப்போம் என்றேன். இந்த வசனத்தை நான் என் வாயால் சொன்னேன். அவர் களைத்துப்போய்ச் சம்மதித்தார்.

அடுத்த கிழமை பரீட்சைச் சபை. நீளமான மேசை, தலைப்பக்கத்தில் பீடாதிபதி, பக்கத்தில் அந்த வருடம் புதிதாக வந்த வெளித்தேர்வாளர். பழைய பல்கலைக்கழகம் ஒன்றின் பேராசிரியர், வெள்ளைக்காரர், தலை நரைத்தவர், காதுக் கருவி போட்டிருந்தார். பெயர்களை வாசித்துக்கொண்டு போனார்கள். ஐரீனின் பெயர் வந்ததும் அந்தப் பேராசிரியர் கையை உயர்த்தி நிறுத்தினார். ஆய்வேட்டைத் தன் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

"இதை நான் இரண்டு தடவை வாசித்தேன்," என்றார். "இது ஏன் முதல் வகுப்பு இல்லை என்று எனக்கு விளங்கவில்லை. திருத்தியவர்கள் மீண்டும் யோசிக்க விரும்பினால், என் தரப்பில் தடை இல்லை."

வெளித்தேர்வாளர் ஒருவர் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. நாங்கள் ஓம் என்று தலையாட்டினால் போதும். பீடாதிபதிகூட வாய் திறந்திருக்க மாட்டார், வெளியார் சொன்னால் அதற்கு அவ்வளவு மதிப்பு.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்கு அவர் நீட்டிய கை தெரியவில்லை, பொறிதான் தெரிந்தது. இந்த ஆட்கள் வெள்ளைக்காரன் ஒரு சொல் சொன்னால் வழுக்குகிறார்களா, தங்கள் ஆட்களுக்குக் கூட்டிப் போடுகிறார்களா என்று சோதிக்கிறார் என்று நினைத்தேன். பீடாதிபதி பேனையை நிறுத்தி என்னைப் பார்ப்பதும் தெரிந்தது. தலைவி எனக்குப் பக்கத்தில் இருந்தார். அவர் மூச்சு இழுத்துப் பேசத் தொடங்குமுன் நான் பேசிவிட்டேன்.

"நாங்கள் இதைக் கவனமாகப் பரிசீலித்தோம். அந்தப் புள்ளியில் மாற்றம் இல்லை."

கிழவர் என் பக்கம் திரும்பினார். காதுக் கருவியைத் தொட்டுச் சரிசெய்தார், பிழையாகக் கேட்டுவிட்டோமோ என்பதுபோல. பிறகு, "உங்கள் கண்டிப்பை மதிக்கிறேன்," என்று சொல்லி ஆய்வேட்டைப் பைக்குள் வைத்தார். அடுத்த பெயரை வாசித்தார்கள். முழுவதும் ஒரு நிமிடம் இருக்காது.

வெளியே வந்து படிக்கட்டில் நின்றபோது தலைவி அழவில்லை, கத்தவும் இல்லை. "அவர் தந்துவிட்டார்," என்றார். "மேசையில் வைத்துத் தந்தார்." நான் ஏதோ தரம், நம்பகத்தன்மை என்று உளறினேன். அவர் அதைக் கேட்கவில்லை. "நான் ஏன் பேசவில்லை தெரியுமா? உன்னை அவர்கள் முன்னால் மறுத்தால் நாங்கள் இரண்டுபட்டிருக்கிறோம் என்று தெரிந்துவிடும். அந்தப் பயம். நானும் உன்னைப் போலத்தான்." ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று நாங்கள் சொல்லுவோம். நாங்கள் இரண்டுபடாமல் ஒற்றுமையாக நின்றோம். ஒற்றுமையாக நின்றுதான் அந்தப் பெண்ணின் கழுத்தை அறுத்தோம்.

பெறுபேறு வந்த அன்று மனைவி ஷிப்ட் முடிந்து வந்து, கோட்டைக் கழற்றாமலே கேட்டாள்.

"ஐரீனுக்கு ரெண்டாம் வகுப்பாம். பாஸ் பண்ணினதே பெரிசு எண்டு வார்டில எல்லாருக்கும் கேக் குடுத்தவ. உண்மையாச் சொல்லுங்கோ, அவ்வளவுதானோ அவ?"

"பரீட்சை விஷயம் வீட்டில கதைக்க ஏலாது."

"நான் புள்ளியைக் கேக்கேல்லை. நீங்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை சோறும் தின்னாமல் இருந்து வாசிச்சனீங்கள். அப்பிடி வாசிச்ச புத்தகம் எப்பிடி ரெண்டாம் வகுப்பாகும்?"

"எங்களுக்குத் தெரிஞ்ச ஆள் எண்டு கூட்டிப் போட்டன் எண்டு சொல்லமாட்டினமே?"

"ஆர் சொல்லுவினம்?" என்றாள். அவள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஐரீனை வீட்டுக்குக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள், முகம் பார்க்க வெட்கமாக இருக்கிறதாம். உதவித்தொகை வேறு ஒரு துறை மாணவனுக்குப் போனது. அவனுடைய ஆய்வு எதைப் பற்றியதென்று இப்போது ஞாபகமில்லை.

சில வருடங்களில் பொலிடெக்னிக்குகள் எல்லாம் பல்கலைக்கழகங்களாகப் பெயர் மாறின. புதுப் பலகை, புதுக் கடிதத்தலைப்பு, புதுப் பீடாதிபதி. இவர் சிரிக்கிறவர் இல்லை. துறைகளை மீளாய்வு செய்ய ஒரு குழு போட்டார். எங்களையும் கூப்பிட்டார்கள். சுவரில் வெளிச்சம் அடித்து ஒரு வரைபடம் காட்டினார். ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வொரு நிரல், அதன் உயரம் முதல் வகுப்புகளின் விகிதம். எங்கள் நிரல் தரையோடு தரையாகக் கிடந்தது.

"ஏன் திறமையான மாணவர்கள் உங்களிடம் வருவதில்லை?" என்று கேட்டார். குரலில் குத்தல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

வருகிறார்கள், நாங்கள்தான் குறைத்துப் போடுகிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். தலைவி மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்து அமர்த்தினார். அவர் என்னைவிட வேகமாகக் கணக்குப் பார்த்திருந்தார். எங்கள் சட்டம் எழுதாத சட்டம், காட்ட ஒரு தாளும் இல்லை. அதைச் சொன்னால், இத்தனை வருடமாக மாணவர்களுக்கு வேண்டுமென்றே அநியாயம் செய்தோம் என்ற ஒப்புதல் ஆகும், அன்றைக்கே துறையை மூடலாம். சொல்லாவிட்டால், எங்கள் மாணவர்கள் மொக்குகள் என்று ஆகும், அப்போதும் மூடலாம். ஆனாலும் நான், எங்கள் தரம் கடுமையானது என்று மட்டும் சுற்றிவளைத்துச் சொன்னேன். குழுவில் ஒருவர் உடனே கோப்பைத் திறந்து, வெளித்தேர்வாளர் அறிக்கைகளை வாசித்தார். புள்ளியிடல் கண்டிப்பானது, நியாயமானது, நம்பத்தக்கது. நான் அடிக்கோடிட்டு வைத்த அதே வரிகள். அப்படியென்றால் புள்ளிகள் சரி, மாணவர்கள்தான் பலவீனம் என்று அவர் முடிவுக்கு வந்தார். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போடுவது என்பார்களே, நாங்கள் அதை ஒழுங்காகக் கோப்புப் போட்டு வைத்திருந்தோம்.

அடுத்த கேள்வி, இந்தத் துறையில் டொக்டர் பட்டம் பெற்றவர் உங்களிடம் எத்தனை பேர் என்பது. அதற்குத் தலைவி பதில் சொன்னார். "ஒருவரும் இல்லை." அந்த இரண்டு சொல்லைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

துறையை மூடுகிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல மாட்டார்கள், இதையும் தெரிந்து வைத்திருங்கள். உங்கள் பாடம் மிக முக்கியமானது, ஆகவே ஒரு மூலையில் இருக்கக்கூடாது, எல்லாத் துறையிலும் கலக்க வேண்டும் என்றார்கள். கலந்தார்கள். சமூகவியலில் இரண்டாம் தவணையில் மூன்று கிழமை, இலக்கியத்தில் ஒரு கிழமை, வரலாற்றில் விரும்பினால் எடுக்கலாம். இரண்டு மூன்று வருடத்தில் அதுவும் கரைந்துபோனது. தலைவி வேலையை விட்டார், கடைசிவரை என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. என்னைச் சமூகவியலுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை ஆய்வு முறைகள் படிப்பித்தேன், உசாத்துணைப் பட்டியல் எப்படித் தயாரிப்பது என்பதையும் சேர்த்து.

துறை மூடிய அந்தக் கோடையில் ஐரீனைத் தேடிப் போனேன். பரீட்சைச் சபையில் பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. அதை உடைக்க வேண்டிய நேரத்தில் உடைக்காதவன், ஒரு பயனும் இல்லாத நேரத்தில் உடைக்கப் போனேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஆஸ்பத்திரிக் கன்டீனில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் அவரைச் சந்தித்தேன். அதே இரண்டாம் தர நேர்ஸ் உடுப்பு. என் மனைவியைச் சுகம் விசாரித்தார், ஏன் முன்புபோல் பேசுவதில்லை என்று கேட்டார். நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் அறுபத்தாறு, தலைவியின் எழுபத்திரண்டு, கிழவர் ஆய்வேட்டை எடுத்து மேசையில் வைத்தது, நான் சொன்ன பதில், அந்த உதவித்தொகை.

அவர் சாப்பிட்டபடியே கேட்டார். சொல்லி முடித்ததும் முள்ளுக்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"அவர் கேட்டபோது நீங்கள் எவ்வளவு நேரம் யோசித்தீர்கள்?" என்றார்.

நான் எதிர்பார்த்த கேள்வி அது இல்லை. கோபப்படுவார், அழுவார், பரவாயில்லை சேர் என்பார், எதற்கும் ஆயத்தமாகப் போயிருந்தேன். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

"யோசிக்கவில்லை," என்றேன். "உடனே சொல்லிவிட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். "அப்படியென்றால் அந்த மேசையில் எடுத்த முடிவு இல்லை அது. என்னைச் சந்திக்க முன்னமே உங்களிடம் இருந்த முடிவு."

அவர் சொன்னது சரி. கலியாண வீட்டில் மனிசனைப் பாயசம் குடிக்க விடாமல் பிரசங்கம் செய்தவன், பதின்மூன்று வருடம் இதைப் பாடமாகப் படிப்பித்தவன், ஒரு கறுப்புப் பெண்ணின் வேலையைக் கையில் எடுத்தவுடன் இவளுக்கு இதுவே போதும் என்று நினைத்திருக்கிறேன். அதற்கு நேர்மை என்று பெயர் வைத்திருந்தேன். ஐரீன் மணியைப் பார்த்தார், வார்டுக்குப் போக வேண்டும் என்றார், தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

புதுத் துறைக்குத் தலைவராக ஆள் தேடுகிறார்கள், லண்டனில் தகுதியான மூத்த ஆள் ஒருவரும் அகப்படவில்லை என்று அன்று என் வீட்டில் சொன்னீர்கள். நான் தேநீர் ஊற்றுவதுபோல் குசினிக்குள் போய்விட்டேன். ஏன் அகப்படவில்லை என்று எனக்குத் தெரியும். அவர் ஸ்ட்ரெதமில்தான் இருக்கிறார், ஓய்வு பெற்ற நேர்ஸ்.